சரவெடிக்கு முன்

"கதவைச் சாத்தினாலும் உள்ள வரும். கையால பிடிக்க முடியாது. போன பிறகும் காதுலயே உட்கார்ந்துகினு இருக்கும். அது இன்னா, சொல்லு பார்க்கலாம்?" என்று கேட்டேன். சாரு மேல் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு யோசித்தாள். ஒன்பது வயதுக்கு அவளுக்கு நெற்றி பெரிது. என் நெற்றி. நாங்கள் இரண்டு பேரும் அவளுடைய நான்காம் வகுப்பு அறையில், அவளுடைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். என் முழங்கால் மேசைக்கு அடியில் நுழையவில்லை, அதனால் கால்களைப் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறேன். வெளியே மைதானத்தில் பந்தல், மேடை, கூட்டம். ஜன்னலுக்கு நேர் எதிரே வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டி, அதன் வாயை இந்த அறையைப் பார்த்தே திருப்பி வைத்திருக்கிறார்கள். "கொசு!" என்றாள் சாரு. சத்தம் என்று சொல்ல வாயைத் திறந்தவன் நிறுத்திக்கொண்டேன். "கொசுவைக் கையால பிடிக்கலாமே பாப்பா." "நீ பிடிச்சிருக்கியா? அடிக்கத்தான் முடியும். பிடிக்க முடியாது." சரிதான். அவள் விடை என் விடையைவிட நன்றாக இருக்கிறது. கொசு என்றே இருக்கட்டும். நான் அந்த இன்னொரு சொல்லைச் சொல்லாமல் இருந்தால் அது இந்த அறைக்குள் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இப்படி ஏதாவது ஒரு சின்ன விதியைப் போட்டுக்கொண்டுதான் நான் நேரத்தைத் தள்ளுகிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் படங்களை இடமிருந்து வலமாக மட்டும் பார்ப்பது. ஃபேனின் ஒரு இறக்கையை மட்டும் கண்ணால் துரத்துவது. விடுகதை சொல்வது. விடுகதை சொல்லும்போது குரல் நடுங்கினாலும் குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும். நினைத்துக்கொள்கிறாளா? தெரியவில்லை. என் கையைப் பார்க்கிறாள். கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வரும்போதே பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூட கேட் வரைக்கும் சாலையோரமாகச் சிவப்புச் சரம், பாயை அவிழ்த்து நீளமாகப் போட்டதுபோல். பத்தாயிரம் வாலா. அதன் நுனியில் இன்னொன்றை முடிந்திருந்தார்கள். அதன் நுனியில் இன்னொன்று. கரை வேட்டிக்காரர் ஒருவர் ஊதுபத்தியை வாயால் ஊதி ஊதி நெருப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். கட்சித் தலைவரின் கார் அந்தத் திருப்பத்தில் திரும்பியதும் பற்ற வைப்பார். பற்ற வைத்தால் அது அங்கே வெடிக்கத் தொடங்கி, சாலையோரமாக நடந்து நடந்து இங்கே வரும். கார் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. காலையிலேயே வருவார் என்றார்கள். பிறகு பக்கத்து ஊரில் கொடியேற்றம் முடிந்து வருவார் என்றார்கள். இப்போது சாப்பாட்டு நேரம் ஆகப் போகிறது. எப்போது என்று தெரிந்தால் நல்லது. தெரிந்தால் உடம்பை முன்கூட்டியே இறுக்கி வைத்துக்கொள்ளலாம், பல்லைக் கடிக்கலாம், மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளலாம். தெரியாமல் இறுக்கி வைத்துக்கொண்டே இருக்க முடியாது. தளரும். தளருகிற அந்த நொடியில்தான் அது வரும். எப்போதும் அப்படித்தான் வந்திருக்கிறது. "வெடி கிடையாதுண்ணே, எங்கம்மா மேல சத்தியம்" என்று தணிகைவேல் நேற்று எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். தணிகைவேல் கட்சியின் ஒன்றியச் செயலாளர். பொய் சொல்கிறவர் இல்லை. வெடி வேண்டாம் என்று அவர் சொல்லியும் இருப்பார். ஆனால் தலைவர் வந்தால் வெடி வை என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெடி இல்லாமல் கார் வந்து நின்றால், தலைவர் கண்ணாடியை இறக்காமலே யார் இந்த ஏற்பாடு என்று கேட்பார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது தொடங்கும்போது சாரு என் பக்கத்தில் இருக்கக் கூடாது. மேடைக்குக் கூப்பிட்டால் அவள் போய்விடுவாள், போய்விட்டால் போதும். ஆனால் மேடைக்குப் போனால் அவள் அங்கே எதற்காக நிற்க வேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைத்தால் போகாதே என்று சொல்லத் தோன்றுகிறது. போ. போகாதே. இரண்டும் ஒரே நேரத்தில் தொண்டையில் நிற்கின்றன.

மேடைக்குப் பின்னால் பேனர் வைத்திருக்கிறார்கள். "வீரவணக்கம்" என்று மேலே பெரிய எழுத்து. அதற்குக் கீழே எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர்கள் நாலு பேரின் முகம். நந்தகோபால், மேட்டுத் தெரு பிச்சாண்டி, போன வருஷம் பெட்டியில் வந்த லோகேஷ். மூன்று பேரும் இறந்துபோனவர்கள். நாலாவது முகம் ஏகாம்பரம். அதாவது நான். நாலு பேர் கழுத்திலும் ஒரே மாலை, நாலு பேருக்கும் கீழே ஒரே மாதிரி குத்துவிளக்கு. பேனர் அடிக்கிற பையனுக்கு "நம்ம ஊர் மிலிட்டரி போட்டோ நாலு" என்று போனில் அனுப்பியிருக்கிறார்கள். மிலிட்டரி படம் என்றால் அவன் கை தானாக விளக்கையும் மாலையையும் எடுத்துப் போட்டுவிடும். உயிரோடு இருக்கிற பட்டாளத்துக்காரனுக்கு இதுவரை யாரும் அவனிடம் பேனர் கேட்டிருக்க மாட்டார்கள். காலையில் நான், என் மனைவி குணசுந்தரி, சாரு மூன்று பேரும் வந்து நின்றபோதுதான் தணிகைவேல் கவனித்தார். மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார். "அண்ணே, ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க." "எனக்கு விளக்கு ஏத்திட்டீங்களே தணிகை." "பேனர் பையன் பண்ண வேலைண்ணே. இப்ப கழட்டினா சாரம் மொத்தமா சரிஞ்சிடும்." "மேல ஒரு துணி போட்டு மூடுங்களேன்" என்றாள் குணா. "தலைவருக்குப் பேச்சு அடிச்சுக் குடுத்துட்டாங்க அண்ணி. நாலு மாவீரர், நாலு விளக்கு, நாலு திசைன்னு அடுக்கிகினு போவாரு. இப்பப் போய் மூணுன்னா ஒரு திசை குறையுது." அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். "அப்ப இவரை இன்னா பண்ணலாம்ன்றீங்க?" "அண்ணன் கொஞ்ச நேரம் கிளாஸ் ரூம்ல ஃபேன் போட்டுகினு உட்காரட்டும். நீங்களும் பாப்பாவும் கேடயம் வாங்கிகினா போதும். சத்துணவு வேலைக்கு உங்க பேரைத் தலைவர் மைக்லயே சொல்றேன்னு ஒத்துகினாரு." மகளிரணி அம்மா ஒருவர் குணாவின் காதருகே குனிந்து, பொட்டு மட்டும் கொஞ்சம் சின்னதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். குணா கைப்பையைத் திறந்து, குங்குமச் சிமிழை எடுத்து, இருந்த பொட்டின் மேலேயே இன்னொரு பொட்டு வைத்தாள். "செத்தவரு வந்து சொல்லட்டும், அழிச்சிடறேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சாருவும் சிரித்தாள். அந்தப் பெரிய பொட்டோடு குணா மேடை ஏறிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பு வேறு, வேலை வேறு. நான் வேலை இல்லாமல் இருக்கிற வீட்டில் அவளுக்கு ஒரு வேலை வேண்டும். "என்னைக் கடைசில கூப்பிடுங்க, அதுவரைக்கும் அப்பா கூட இருக்கேன்" என்று சாரு சொன்னாள். ஏன் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்துக்கொள்ளவோ என்னவோ. வெளியே ஐஸ் வண்டி இருக்கிறது, ராட்டினக்காரன் இருக்கிறான், அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் பந்தலில் இருக்கிறார்கள். இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன்.

ஸ்பீக்கர் கரகரத்தது. கரகரத்ததற்கே என் முதுகு நிமிர்ந்தது. தலைவர் வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க ஒரு பேச்சாளரைப் பிடித்து வந்திருக்கிறார்கள். வெண்கலக்குரல் வரதன் என்று அறிவித்தார்கள். "நாம் இங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உறங்குகிறோமே, அவன் அங்கே பனியைப் போர்த்திக்கொண்டு விழித்திருக்கிறான்!" கைதட்டல். இல்லை ஐயா, நான் அங்கே நன்றாகத் தூங்கினேன். அதை யாரும் கேட்பதில்லை. மலைமேல் அந்தச் சின்னப் பதுங்கறையில், பூட்ஸ் நாற்றமும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த காற்றில், பக்கத்தில் மல்லையா குறட்டை விட, முறை முடிந்து வந்து விழுந்தால் கல் மாதிரித் தூங்கியிருக்கிறேன். மல்லையா தெலங்கானாக்காரன். என் அரைகுறைத் தெலுங்கைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே என் நண்பன் ஆனவன். தூக்கம் போனது அங்கே இல்லை. இங்கே. என் வீட்டில், என் கட்டிலில், ஃபேன் காற்றில். "அவன் குருதியில் நனைந்த மண்ணை நெற்றியில் திலகமாய் இடுவோம்!" கைதட்டல். கைதட்டல், தகரத்தில் விழும் மழை மாதிரி தொடங்கி ஏறும். அது ஏறும்போதெல்லாம் அதற்கு அடியில் வேறு ஏதாவது தொடங்கிவிட்டதோ என்று காது துழாவுகிறது. இது கைதட்டல்தான். கைதட்டல்தான். "ராணுவ வீரனுக்கு ஒன்று என்றால் இந்த இயக்கம் கை கட்டி நிற்குமா? நிற்குமா?" "நிற்காது!" என்று கூட்டம் கத்தியது. சாரு ஜன்னல் பக்கம் பார்த்து, "உன்னைத்தான்ப்பா சொல்றாங்க" என்றாள். "என்னை இல்ல. பேனர்ல இருக்கிறவரை" என்றேன். "அதுவும் நீதானே?" "மூக்கு மட்டும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் மூக்கை உண்மையாகவே பார்த்துச் சரிபார்த்தாள்.

பேனரில் இருக்கிறவனைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அவன் பந்தலுக்குள் வந்து எதையும் கேட்க மாட்டான். நான் இந்த நோய்க்குப் பென்ஷன் கேட்டேன். கேட்டதே தப்பாகிவிட்டது. ராணுவத்திலிருந்து என்னை விடுவிப்பதற்கு முன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த டாக்டர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: சின்ன வயசிலிருந்தே பயந்த சுபாவமா, உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா, குடிப்பீர்களா. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையே என்றார். கீறல் எதுவும் இல்லை, உண்மைதான். பணியால் வந்த நோய் அல்ல என்று முடிவாகிவிட்டது. அப்படியென்றால் என்னோடு பிறந்து வந்ததாம். பிறந்தபோது இருந்திருந்தால் தீபாவளிக்குத் தீபாவளி நான் கையிலேயே வைத்து வெடித்துத் தூக்கிப் போட்ட லட்சுமி வெடி எல்லாம் யார் போட்டது? பிறகு குடியாத்தத்தில் ஒரு நகைக்கடை வாசலில் வேலை. தோளில் தங்கக் கயிறு, தலையில் குஞ்சம் வைத்த தொப்பி, வருகிறவருக்கெல்லாம் சல்யூட். நிஜ சல்யூட்தான், கேப்டனுக்கு அடித்த அதே சல்யூட். தாலி வாங்க வந்தவர்களுக்கும், கொலுசை மாற்ற வந்தவர்களுக்கும். ஒரிஜினல் மிலிட்டரியாம் என்று சொல்லி, பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். முதலாளிக்கும் பெருமை. கடையின் ஆண்டு விழாவுக்கு வாசல் முழுக்க பலூன் கட்டினார்கள். பலூன். ஒரு குழந்தை ஊசியால் குத்தியது. நான் கண்ணைத் திறந்தபோது வெள்ளிச் சாமான் அலமாரிக்கு அடியில் கிடந்தேன், தொப்பி மட்டும் வாசலிலேயே நின்றிருந்தது. முதலாளி கோபப்படவில்லை. "இன்னா ஏகாம்பரம், பலூனுக்கே இப்படின்னா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். மறுநாள் அந்தத் தங்கக் கயிறு வேறொருவர் தோளில். ஊருக்குள் வந்தால் சைக்கிளில் போகிறவன் வாயாலேயே டமால் என்பான். "பட்டாளம் பறந்துச்சுடா" என்பான் இன்னொருவன். அதெல்லாம் பரவாயில்லை. பெரியவர்கள் சிரிக்கட்டும். சாருவின் வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்களா? இந்த அறையில், இந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது? கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

ஆடி மாதம் அம்மன் ஊர்வலம். நினைக்காதே. இப்போது வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லும்போதே வந்துவிட்டது. சாரு என் வலது கைச் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சை நிற வளையல் வாங்கித் தந்திருந்தேன். தேர் மூலை திரும்பும்போது யாரோ கொளுத்தினார்கள். அதற்கப்புறம் நடுவில் ஒன்றும் இல்லை. நடுவில் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக இருக்கிறது. அதற்கடுத்தது, பாலாற்று மணலில் ஒரு பள்ளம், நான் குப்புறக் கிடக்கிறேன், எனக்கு அடியில் ஒரு குழந்தை. என் இரண்டு கையும் அதன் தலையைப் பொத்தியிருக்கின்றன. சரியாகத்தான் பொத்தியிருந்தேன், சொல்லித் தந்த மாதிரியே, காதையும் பிடரியையும் சேர்த்து. காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நிம்மதியை இப்போதும் உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது. அப்படி ஒரு நிம்மதி எனக்கு வருஷக்கணக்கில் கிடைத்ததில்லை. பிறகு அந்தக் குழந்தை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து வீறிட்டது. சாரு இல்லை. எங்கள் ஊர் முனிரத்தினத்தின் பையன். முனிரத்தினம் கட்டையோடு ஓடி வந்தான், அவனுக்குப் பின்னால் பத்துப் பேர். பையன் முழுசாக இருப்பதைப் பார்த்ததும் கட்டையைக் கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்: "யோவ், உன் புள்ளையை அங்க விட்டுட்டு என் புள்ளையை எதுக்குய்யா தூக்கினு ஓடியாந்தே?" சாரு கூட்டத்துக்கு நடுவில், நான் விட்ட இடத்திலேயே நின்றிருந்தாளாம். அழவில்லையாம். கையை மூடி நீட்டியபடியே நின்றாளாம், பிடித்திருந்த விரல் இன்னும் கையில் இருப்பதுபோல். குணா சொன்னாள். அதை மட்டும் அவள் எனக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் அந்தப் பையன்? அவன் எனக்கு இடது பக்கம் நின்றான். அவ்வளவுதான் காரணம் என்று நினைக்கிறேன். மலையில் மல்லையா எனக்கு இடது பக்கம் நின்றான். தண்ணீர் கேனை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்து மலையிலிருந்து குண்டு வந்தது, வந்த பிறகு கேன் என் கையில் இருந்தது, அவன் பிடித்த பக்கம் தொங்கியது. என் கை அன்றைக்கு இடது பக்கம் போகவில்லை, போவதற்கு நேரமும் இல்லை. அதற்குப் பிறகு எப்போது வெடித்தாலும் இடது பக்கம் போய்விடுகிறது. கடையில் எனக்கு இடது பக்கம் யாரும் இல்லை, அதனால் அலமாரிக்கு அடியில் தனியாகக் கிடந்தேன். சரியாக வருகிறதா? வருகிறது. அப்படியானால் சாரு இடது பக்கம் உட்கார்ந்தால் நான் அவளைத் தூக்குவேன். ஆனால் இது மணல் இல்லை. சிமெண்டுத் தரை, இரும்பு மேசை. அவளை இழுத்துக்கொண்டு நான் விழுந்தால் அந்த மேசை முனை அவளுடைய நெற்றிக்கு நேராக இருக்கிறது. வலது பக்கம் உட்கார்ந்தால் விட்டுவிட்டு ஓடுவேன். ஜன்னல் வழியாகவோ, கதவு வழியாகவோ, பந்தலுக்குள்ளேயோ போய் வேறு எந்த வீட்டுப் பிள்ளையையாவது எடுத்துக்கொண்டு. "பாப்பா, இந்தப் பக்கம் வந்து உட்காரு" என்றேன். வந்தாள். மேசை முனையைப் பார்த்தேன். "வேணாம், அந்தப் பக்கமே உட்காரு." போனாள். வலது பக்கத்தில் அவளுடைய கை, பெஞ்சின் மேல், சும்மா விரித்து. "இல்ல பாப்பா, முன் பெஞ்சுல உட்காரு." "ஏன்ப்பா மாத்தி மாத்தி உட்காரச் சொல்றே?" "இங்க ஃபேன் காத்து வரல." "ஃபேன் உன் தலைக்கு மேலதான் சுத்துது" என்றாள். ஸ்பீக்கரில் வெண்கலக்குரல் வரதன் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, "எல்லைச்சாமி என்று நம் பாட்டன் பூட்டன் யாரைக் கும்பிட்டான்? இதோ இந்த நால்வரைத்தான்!" என்றார்.

சாரு முன் பெஞ்சுக்குப் போகவில்லை. மேசையின் மேல் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்து காலை ஆட்டினாள். பிறகு சாதாரணமாக, தேன்மிட்டாய் எங்கே கிடைக்கும் என்று கேட்கிற குரலில் கேட்டாள்: "இன்னிக்கு வெடிச்சா யாரைத் தூக்கினு ஓடுவே?" அவளுக்கு அந்தச் சரம் தெரிந்திருக்கிறது. நான் பார்த்ததை அவளும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் என்னோடு இந்த அறைக்கு வந்திருக்கிறாள். "யாரையும் தூக்க மாட்டேன். அப்பா கம்முனு உட்கார்ந்துகினு இருப்பேன்." "உன்னால முடியாது" என்றாள். குறை சொல்கிற மாதிரி இல்லை. எனக்குச் சீட்டுக்கட்டு கலைக்க வராது, அவளுக்குச் சிவப்புக் கீரை பிடிக்காது, அந்த மாதிரி. "பாப்பா, கேளு. தணிகை மாமா வந்து கூப்பிட்டதும் நீ அவரு கூடப் போயிடணும். அம்மாகிட்ட போய் நின்னுக்கோ. அங்க நிறைய பேரு இருக்காங்க." "நிறைய பேரு இருந்தா நீ வேற பிள்ளையைத் தூக்கிடுவே. இங்க நான் மட்டும்தானே இருக்கேன்?" என்றாள். அதற்கப்புறம் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். ஐஸ் வண்டியை விட்டுவிட்டு, ராட்டினத்தை விட்டுவிட்டு அவள் இங்கே வந்து உட்கார்ந்திருப்பது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் தப்பாகத் தூக்க முடியாத ஓர் இடத்தை அவள் கண்டுபிடித்திருக்கிறாள். என்னைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறாள் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன், அசடு. அவளுக்கு வேண்டியது அது இல்லை. என்ன சொல்வது? வேறு விடுகதை சொல்லலாமா? தலைவர் வராமலே போய்விடலாம். கார் பழுதாகலாம், வேறு ஊரில் வேறு பேனருக்கு முன்னால் நாலு திசையையும் பேசி முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். மழை வரலாம். வானம் வெளுத்துக் கிடக்கிறது, இருந்தாலும் வரலாம், சரம் நனையலாம். நான் இப்போதே எழுந்து போய்விடலாம், பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தால் கரும்பு வயல். போனால் இந்த அறையில் அவள் தனியாக இருப்பாள். மறுபடியும் விட்டுவிட்டுப் போனதாகத்தான் ஆகும், வெடிப்பதற்கு முன்னாலேயே. உட்கார்ந்தால் மேசை முனை. மேசையைத் தள்ளி வைக்கலாம். எழுந்து தள்ளிப் பார்த்தேன், தரையோடு சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள்.

திடீரென்று ஸ்பீக்கர் நடு வாக்கியத்தில் நின்றது. "இதோ, நாம் அனைவரும் காத்திருந்த அந்தப் பொன்னான நேரம்" என்றார் வரதன். நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில் இழுபட்டன. தூரத்தில் ஹாரன். தணிகைவேல் வாசலில் வந்து நின்றார், வேர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "பாப்பா, வாம்மா, சீக்கிரம். வண்டி திரும்பிடுச்சு. அம்மா பக்கத்துல நீ நிக்கணும்." என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "அண்ணே, வெடி வேணாம்னுதான் சொன்னேன். இளைஞரணியும் மாணவரணியும் போட்டி போட்டுகினு வாங்கியாந்துட்டானுங்க." "பாப்பாவைக் கூட்டினு போ தணிகை" என்றேன். என் குரல்தானா அது? "தூக்கிகினாவது போயிடு." "பாப்பா வரலைன்னா அண்ணி வேலை விஷயம் தலைவர்கிட்ட எப்படிண்ணே எடுக்கறது? குடும்பமா நிக்கணும்ல? வாம்மா கண்ணு, அம்மா உன்னைத்தான் பார்த்துகினு கீறாங்க." ஜன்னல் வழியாக மேடையில் குணா எழுந்து நிற்பது தெரிந்தது. எல்லாரும் சாலையைப் பார்க்க, அவள் மட்டும் இந்த ஜன்னலைப் பார்த்தாள். பெரிய பொட்டு இவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. "போ பாப்பா" என்றேன். போ என்றுதான் சொன்னேன், தொண்டையில் நின்ற இன்னொன்றை விழுங்கிவிட்டேன். பஸ் நிறுத்தத்துப் பக்கம் முதல் வெடி வெடித்தது. அடுத்து இரண்டு. அடுத்து எண்ண முடியாமல். இன்னும் தூரம்தான், ஆனால் நடந்து வருகிறது, சாலையோரமாக, கேட்டை நோக்கி. என் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, எப்போது பிடித்தது என்று தெரியாது. தணிகைவேல் கையை நீட்டினார். சாரு மேசையிலிருந்து இறங்கினாள். ஜன்னலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் வரல மாமா" என்றாள். மேசைகள் இல்லாத இடமாகப் பார்த்து நடந்து போய், கரும்பலகைக்குக் கீழே வெறும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.